குற்றவாளி காப்பியா, வடிக்காத காப்பியா?



இப்படி ஒரு காட்சியை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணி. ஜொகூர், தெப்ராவ் வட்டாரத்தில் ஒரு தாமான் வீடு. வீட்டுப் பெரியவர் இளமையில் பால்மரம் சீவியவர். தோட்டம் போய், லயம் போய், அந்த இடங்களில் அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் எழுந்துவிட்டன. ஆனாலும் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தை அவர் உடம்பு மறக்கவில்லை. எழுந்தவுடன் கை தேடுவது ஒரு குவளைக் கறுப்புக் காப்பியை. மூன்று மாதமாக அந்தக் குவளை கவிழ்ந்தே கிடக்கிறது.

“ஏன்பா, இன்னைக்கும் வெறும் சுடுதண்ணிதானா?” என்று கேட்கிறாள் மகள். பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். அந்நேரத்துக்கே கிளம்பி நிற்கிறாள்.

“கிளினிக்ல கொலஸ்ட்ரால் கூடிப்போச்சுன்னு சொன்னாங்கல்லம்மா. காப்பியாலதான் ஏறுதுன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாரு. அதான் விட்டுட்டேன்.”

“சரி, மாத்திரை?”

“காப்பியையே விட்டாச்சு. அப்புறம் மாத்திரை எதுக்கு?”

இந்தப் பேச்சு ஏதோ ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பெரியவர் இரண்டு முடிவுகளை எடுத்திருக்கிறார். காப்பியை விட்டது அநேகமாகத் தேவையில்லாத முடிவு. மாத்திரையை விட்டது ஆபத்தான முடிவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: காதில் விழுந்த ஒரு பாதி உண்மை. அந்த உண்மையின் மறுபாதியைத் தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

காப்பியில் கொலஸ்ட்ரால் உண்டா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். காப்பிக் கொட்டையில் கொலஸ்ட்ரால் கிடையாது. கொலஸ்ட்ரால் என்பது இறைச்சி, முட்டை, பால் போன்ற விலங்குவழி உணவில் இருப்பது. அதைவிடப் பெரும் அளவில் நம் கல்லீரலே அதைத் தயாரிக்கிறது. ரத்தத்தில் அது கூடும்போது, குறிப்பாக எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் கூடும்போது, ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்து வழியை அடைக்கிறது. மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் அதுவே பாதை போட்டுக் கொடுக்கிறது.

மலேசியாவில் இது சின்ன விஷயமல்ல. சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் அதிகம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, மயக்கம் இல்லை. அதனால்தான் பலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

காப்பியிலேயே கொலஸ்ட்ரால் இல்லை என்றால், காப்பி குடித்தால் அது கூடும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

நார்வேயில் எழுந்த சந்தேகம்

அது வந்த இடம் வெகுதூரம். நார்வே நாட்டின் வடகோடியில், வட துருவ வட்டத்துக்குள் இருக்கிறது டிரோம்சோ நகரம். அந்த வட்டாரத்தில் இதய நோய் அதிகமாக இருந்ததால் பெரிய அளவில் மக்களைப் பரிசோதித்தார்கள். 20 முதல் 54 வயது வரையிலான 7,213 பெண்களும் 7,368 ஆண்களும் அதில் இடம்பெற்றனர். 1983இல் டாக் தெல்லே என்ற மருத்துவ ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முடிவை வெளியிட்டார்கள். காப்பி கூடக் கூடக் கொலஸ்ட்ராலும் கூடியிருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் ஒரு சிக்கல். மற்ற நாடுகளில் இதே ஆய்வைச் செய்தவர்களில் சிலர் ‘ஆமாம்’ என்றார்கள். சிலர் ‘அப்படி எதுவும் தெரியவில்லையே’ என்றார்கள். ஒரே பானம், இரண்டு தீர்ப்பு. எங்கே இடிக்கிறது?

விடை அடுப்படியில் இருந்தது. அந்நாளில் வட நார்வேயிலும் பின்லாந்திலும் காப்பித் தூளைக் கெண்டியில் போட்டுத் தண்ணீரோடு கொதிக்க வைத்து, தூள் அடியில் தங்கியதும் மேலாக இறுத்துக் குடிப்பார்கள். துணி இல்லை, தாள் இல்லை. வேறு பல இடங்களில் வடிதாள் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். கேள்வித்தாளில் இரண்டுக்கும் ஒரே பெயர்: காப்பி.

வடிதாளில் சிக்கிய உண்மை

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 107 இளைஞர்களைப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு நான்கிலிருந்து ஆறு குவளை கொதிக்க வைத்த காப்பி. இன்னொரு சாராருக்கு அதே அளவு, தாளில் வடித்த காப்பி. மூன்றாவது சாராருக்குக் காப்பியே இல்லை. சில வாரங்களில் கொதிக்க வைத்த காப்பி குடித்தவர்களின் மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 0.48 மில்லிமோல் ஏறிவிட்டது. தாளில் வடித்துக் குடித்தவர்களுக்குக் காப்பியே குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

இந்த 0.48 எவ்வளவு பெரியது? கிளினிக்கில் கொடுக்கும் ரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2க்குக் கீழே இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். 4.9 இருக்கும் ஒருவரை இந்த ஏற்றம் கோட்டைத் தாண்ட வைத்துவிடும்.

பிறகு அந்தத் தாளில் தங்கியது எது என்று தேடினார்கள். நெதர்லாந்தின் மார்ட்டின் கட்டான் குழுவினர் கொதித்த காப்பியின் மேல் மிதக்கும் எண்ணெயைப் பிரித்தெடுத்துத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் ஏறியது. ஆக, குற்றவாளி அந்த எண்ணெயில்தான் ஒளிந்திருந்தது. 1994இல் ஆளையே அடையாளம் காட்டினார்கள். ஒன்றன் பெயர் கஃபெஸ்டால். மற்றொன்றன் பெயர் காவியோல். அவற்றில் கஃபெஸ்டாலே வலுவானது. நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கஃபெஸ்டால் தொடர்ந்து உள்ளே போனால் கொலஸ்ட்ரால் சுமார் 0.13 மில்லிமோல் ஏறும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தூக்கத்தைக் கலைக்கும் கஃபைனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கஃபைன் நீக்கிய காப்பியானாலும் வடிக்காமல் குடித்தால் இந்த எண்ணெய் கூடவே வரும்.

கல்லீரலை ஏமாற்றும் எண்ணெய்

கஃபெஸ்டால் உடம்புக்குள் என்ன செய்கிறது? கல்லீரல் தன்னிடமுள்ள கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியைப் பித்த அமிலமாக மாற்றுகிறது. கொழுப்பைச் செரிக்க அந்தப் பித்தம் குடலுக்குப் போகிறது. ரத்தக் கொலஸ்ட்ரால் செலவாகும் முக்கியமான வழி இதுதான். குடலில் போதிய பித்தம் சேர்ந்ததும், ‘போதும், நிறுத்து’ என்று அங்கிருந்து கல்லீரலுக்கு ஒரு செய்தி போகும்.

2007இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது இதுதான்: கஃபெஸ்டால் குடலில் அந்தச் செய்தியைத் தானே தட்டிவிடுகிறது. பித்தம் போதாமல் இருந்தாலும் ‘போதும்’ என்ற பொய்ச் செய்தி கல்லீரலுக்குப் போய்ச் சேருகிறது. கல்லீரல் பித்தம் செய்வதைக் குறைக்கிறது. செலவாக வேண்டிய கொலஸ்ட்ரால் மிஞ்சுகிறது. வாசலில் நின்று, ‘முதலாளி இன்று கடை இல்லை என்று சொல்லிவிட்டார்’ என வேலையாட்களைத் திருப்பி அனுப்பும் குறும்புக்காரனைப் போன்றது இது. கடைக்குள் சரக்கு தேங்குகிறது.

நல்ல செய்தியும் உண்டு. வடிக்காத காப்பியை நிறுத்தினால் சில வாரங்களில் அந்த ஏற்றம் இறங்கிவிடுகிறது.

நீரிணைக்கு அப்பால் ஓர் ஆய்வு

நார்வே, நெதர்லாந்து எல்லாம் சரி. தெப்ராவ் பெரியவர் குடித்த கோப்பி ஓ எந்தப் பக்கம்?

ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் ஓடும் கடலுக்குத் தெப்ராவ் நீரிணை என்றுதான் பெயர். அந்த நீரிணையின் மறுகரையிலேயே இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிங்கப்பூர், இந்தோனேசியா, இந்தியா ஆகிய மூன்று நாட்டுக் காப்பிக் கடைகளிலிருந்து 27 மாதிரிகளைத் திரட்டி, அவற்றில் கஃபெஸ்டால் எவ்வளவு என்று அளந்தார்கள். முடிவு 2011இல் வெளிவந்தது.

நீண்ட காலுறை போன்ற துணிப்பையில் வடித்த சிங்கப்பூர்க் காப்பியில், 100 மில்லிலிட்டருக்குச் சராசரியாக 0.09 மில்லிகிராம். ஐரோப்பாவில் தாளில் வடித்த காப்பிக்கு இணை. தமிழ்நாட்டுப் பாட்டிமார் டபராவில் ஆற்றிக் கொடுப்பார்களே, அதைப்போல உலோக வடிகட்டியில் இறக்கும் இந்திய ஃபில்டர் காப்பியில் இன்னும் குறைவு: 0.05 மில்லிகிராம். ஆனால் இந்தோனேசியாவில் வடிக்காமல், தூளோடு வெந்நீர் ஊற்றிக் கொடுத்த காப்பியில் 4.43 மில்லிகிராம்! சிங்கப்பூர்த் துணிக் காப்பியைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு. அப்படிப்பட்ட காப்பியை நாளுக்கு ஐந்து குவளை குடித்தால் கொலஸ்ட்ரால் 0.33 மில்லிமோல் ஏறக்கூடும் என்று அந்த ஆய்வு கணித்தது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 200 மில்லிலிட்டர் குவளையில் துணியில் வடித்த காப்பி. நாளுக்கு ஐந்து குவளை என்றாலும் ஒரு லிட்டர்தான். அதில் கஃபெஸ்டால் 0.9 மில்லிகிராம். கொலஸ்ட்ராலை 0.13 ஏற்றுவதற்கு 10 மில்லிகிராம் வேண்டும் என்று பார்த்தோம். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் அது கண்ணில் படவே படாது.

அதே ஆய்வில் சிங்கப்பூரில் வாழும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என 3,000 பேரின் ரத்தத்தையும் பார்த்தார்கள். வாரத்துக்கு ஒரு குவளைகூடக் குடிக்காதவர்களின் எல்.டி.எல். சராசரி 3.07. நாளுக்கு மூன்று குவளையோ அதற்கு மேலோ குடிப்பவர்களுக்கு 3.12. பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை.

ஆக, பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது நார்வேயில் உண்மை. ஒட்டுக்கடைத் துணிக்காப்பிக்கு அது பொருந்தவில்லை.

துணிக்குத் துணி வேறுபாடு

அந்தத் துணிப்பைக்கு அப்படி என்ன சக்தி? காப்பி எண்ணெயில் பெரும்பகுதி தண்ணீரில் கரையாமல் சக்கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய்த் துளிகளும் எண்ணெய் ஒட்டிய மிக நுண்ணிய தூளுமே குவளைக்குள் வரப் பார்க்கின்றன. நெருக்கமாக நெய்த துணியும் அதன்மேல் படுகைபோல் படியும் தூளும் சேர்ந்து அவற்றைத் தடுத்துவிடுகின்றன. 2025இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கொதிக்க வைத்த காப்பியைத் துணியில் ஊற்றி வடித்தபோது கஃபெஸ்டால் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் இன்று அளந்து சொல்வதை, லயத்து வீட்டு அம்மாக்களும் கோப்பித்தியாம் சீனப் பெரியவர்களும் காரணம் தெரியாமலேயே கைப்பழக்கத்தில் செய்துவந்திருக்கிறார்கள்.

அதற்காகத் துணி என்றாலே கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. அதே 2011 ஆய்வில் இந்தோனேசியாவில் துணியில் வடித்த மாதிரியில் 0.85 மில்லிகிராம் இருந்தது. சிங்கப்பூர்த் துணிக்காப்பியைவிட ஒன்பது மடங்கு. நெசவு, தூளின் அரைப்பு, ஊற்றும் விதம் எல்லாமே கணக்கில் சேரும். நைந்து, ஓட்டை விழுந்து, தூளைக் குவளைக்குள் விடும் துணி வடிகட்டி ஆகாது. குவளையின் அடியில் வண்டல் கனமாகத் தங்குகிறதென்றால் துணியை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். அந்த வண்டலைச் சேர்த்துக் குடிப்பதும் நல்ல பழக்கமல்ல.

ஜொகூரில் ஜாவானியக் குடும்பங்கள் ஏராளம். இந்தோனேசியத் தொழிலாளர்களும் ஏராளம். தூளையும் சீனியையும் குவளையில் போட்டு வெந்நீர் ஊற்றிக் கலக்கும் ‘கோப்பி துப்ருக்’ அவர்களுடைய பழக்கம். வேலை இடத்தில் நம்மவர்களும் அதைப் பழகிக்கொள்கிறார்கள். எப்போதாவது ஒரு குவளை என்றால் பாதகமில்லை. நாளுக்கு நான்கைந்து என்றால் மேலே சொன்ன 0.33ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாக வந்த குவளைகள்

இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருக்கிறது. தெப்ராவை ஒட்டிய மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். இன்று கஃபேக்களுக்குப் பெயர்போன இடம். அப்பாவுக்குப் பிறந்தநாள் பரிசாகப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பிரஸ் வாங்கித் தருகிறார்கள். கண்ணாடிக் கூஜாவில் தூளை ஊற வைத்து, உலோகச் சல்லடையால் அழுத்தி இறக்கும் கருவி அது. பார்க்க அழகு. ஆனால் தூள் நீரிலேயே ஊறுவதாலும் சல்லடையின் கண்கள் பெரிதாக இருப்பதாலும் எண்ணெய் அப்படியே குவளைக்கு வந்துவிடுகிறது. கஃபெஸ்டால் கணக்கில் பிரெஞ்சுப் பிரஸ், கொதிக்க வைத்த காப்பிக்குத்தான் சொந்தக்காரன். 1996இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில் ஆறு மாதம் நாளுக்கு ஐந்தாறு குவளை அதைக் குடித்தவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 9 முதல் 14 விழுக்காடு வரை ஏறியது.

எஸ்பிரெசோ இடைப்பட்டது. 2022இல் டிரோம்சோவிலேயே 21,083 பேரை வைத்து ஒரு புதிய ஆய்வு வந்தது. நாளுக்கு மூன்று முதல் ஐந்து எஸ்பிரெசோ குடிப்பவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட மொத்தக் கொலஸ்ட்ரால் ஆண்களில் 0.16உம் பெண்களில் 0.09உம் கூடுதலாக இருந்தது. வார இறுதியில் ஒரு லாத்தே குடிப்பவர் பயப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் அதையே நம்பி ஓடுபவர் யோசிக்கலாம்.

அலுவலகத்தில் பொத்தானைத் தட்டினால் கொட்டும் இயந்திரக் காப்பியும் உண்டு. மேலே சொன்ன உப்சாலா ஆய்வு முக்கியமாக அதைப் பற்றியதுதான். அங்கே வேலை இடங்களில் இருந்த 14 இயந்திரங்களைச் சோதித்தார்கள். கொட்டையை அரைத்து உலோகச் சல்லடை வழியாக இறக்கும் இயந்திரக் காப்பியில், தாளில் வடித்ததைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கஃபெஸ்டால் இருந்தது. பாலம் கடந்து போய் அலுவலகத்தில் நாளுக்கு நான்கு முறை பொத்தானைத் தட்டும் மகள், அப்பாவின் ஒட்டுக்கடைக் காப்பியைக் குறை சொல்வதற்கு முன் தன் குவளையையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

அப்படியானால் காலையில் கடையில் குடிக்கும் காப்பி முழுக்க முழுக்க நல்லதா? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தூளைச் சந்தேகப்படுகிறவர்கள் குவளையின் அடியில் கிடக்கும் வெள்ளையைச் சந்தேகப்படுவதில்லை.

கடையில் வெறுமனே ‘கோப்பி’ என்று கேட்டால் கெட்டிப்பால் ஊற்றித் தருவார்கள். இன்று பல தகரங்களில் இருப்பது முழுப் பாலும் அல்ல. செம்பனை எண்ணெய்யும் சீனியும் சேர்ந்த இனிப்புக் கிரீமர். ‘கோப்பி சி’ என்றால் அதற்கும் வேறு தகரப் பால், அதோடு சீனி. கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் நிறைகொழுப்புக்கு முக்கியப் பங்கு உண்டு. சீனி கூடினால் டிரைகிளிசரைட் என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பு ஏறும், நீரிழிவுக்கும் வழிவிடும்.

பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டும் ‘திரீ இன் ஒன்’ காப்பியும் அப்படித்தான். உடனடிக் காப்பித் தூளில் கஃபெஸ்டால் மிக மிகச் சொற்பம். அந்த வகையில் அது நிரபராதி. ஆனால் கூடவே வரும் கிரீமரில் நிறைகொழுப்பு. பொட்டலத்தில் பெரும்பகுதி சீனி. பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தால் காப்பி எத்தனை விழுக்காடு, மற்றவை எத்தனை விழுக்காடு என்று தெரிந்துவிடும்.

காப்பிக்குப் பக்கத்துத் தட்டையும் பார்க்க வேண்டும். எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய், சந்தானில் வெந்த நாசி லெமாக், பொரித்த கோழி. பசியாற இவ்வளவையும் முடித்துவிட்டு, கொலஸ்ட்ரால் கூடியதற்குக் காப்பியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமா? பரம்பரையாக வரும் கொலஸ்ட்ராலும் உண்டு. அப்பாவுக்கு இளவயதிலேயே மாரடைப்பு வந்த குடும்பத்தில், காப்பியே தொடாத மகனுக்கும் அது கூடியிருக்கலாம்.

மாத்திரையை விடலாமா?

இப்போது பெரியவரின் இரண்டாவது முடிவுக்கு வருவோம். காப்பியை விட்டால் மாத்திரை வேண்டாம் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கைச் சரிபார்ப்போம்.

வடிக்காத காப்பியை நாள்தோறும் பல குவளை குடித்தவர் அதை விட்டால் மொத்தக் கொலஸ்ட்ரால் 0.3, 0.4 மில்லிமோல் இறங்கலாம். துணியில் வடித்துக் குடித்தவருக்கு இறங்குவதற்கு அங்கே எதுவுமே இல்லை. கொலஸ்ட்ராலுக்கு மருத்துவர் கொடுக்கும் ஸ்டேட்டின் வகை மாத்திரையோ, வழக்கமான அளவிலேயே கெட்ட கொலஸ்ட்ராலை 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்கக்கூடியது. எல்.டி.எல். 4.5 உள்ளவருக்கு அது 1.35 முதல் 2.25 வரை இறக்கம். ஒன்றுக்கு ஒன்று ஈடாகுமா?

மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் கொலஸ்ட்ரால் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அன்றே எதுவும் நடக்காது. நடந்து போகலாம், சிரிக்கலாம், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறலாம். ஆனால் உள்ளே படிவது நிற்காது. ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்தவர், நீரிழிவு உள்ளவர், ரத்த அழுத்தம் உள்ளவர் ஆகியோருக்கு இது உயிரோடு விளையாடும் விளையாட்டு. மாத்திரையால் தசைவலியோ வேறு தொல்லையோ இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லலாம்; அளவைக் குறைப்பார், வகையை மாற்றுவார். தானாக நிறுத்துவதற்குப் பக்கத்து வீட்டு யோசனை போதாது.

செய்ய வேண்டியவை

வீட்டில் காப்பி போடும்போது துணியிலோ தாளிலோ உலோக ஃபில்டரிலோ வடித்துக் குடியுங்கள். தூளைக் கெண்டியில் போட்டுக் கொதிக்க வைக்கும் வீடுகளில் நல்ல துணியில் வடித்துவிட்டாலே போதும். துணியை நன்றாக அலசி, காய வைத்து, நைந்தால் மாற்றிவிடுங்கள்.

பிரெஞ்சுப் பிரஸ் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அதில் இறக்கிய காப்பியை ஒரு வடிதாளில் ஊற்றினால் பெரும்பாலான எண்ணெய் தங்கிவிடும்.

கடையில் ‘கோப்பி ஓ கோசோங்’ என்று கேட்கப் பழகுங்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. முதல் வாரம் கசக்கும். மெல்ல நாக்கு வழிக்கு வந்துவிடும்.

கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்றால் மருத்துவரிடம் ‘காப்பி குடிக்கலாமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். எப்படிப்பட்ட காப்பி, எத்தனை குவளை, என்ன கலந்து என்று சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் அவரால் சரியான பதில் சொல்ல முடியும்.

பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள் இனியும் தள்ளிப்போட வேண்டாம். 2019இல் தொடங்கப்பட்ட பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்கத்தின் சும்பாங்கான் துனாய் ரஹ்மா உதவி பெறுவோரிலும் அவர்களின் துணைவரிலும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ரத்தப் பரிசோதனையோடு கூடிய உடல் பரிசோதனை இலவசம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். ஒரு குவளைக் காப்பியின் விலைகூட இல்லை.

கவிழ்ந்த குவளை நிமிரட்டும்

1983இல் காப்பி மீது சந்தேகத்தைக் கிளப்பிய டாக் தெல்லே, 2020இல் நார்வேயைச் சேர்ந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வின் முடிவோடு மீண்டும் வந்தார். வடித்த காப்பி குடித்தவர்களிடையே, காப்பியே குடிக்காதவர்களைவிட மரண விகிதம் குறைவாக இருந்தது. வடிக்காத காப்பியை அதிகம் குடித்த வயதானவர்களுக்கு அந்த நன்மை இல்லை. இப்படிப்பட்ட ஆய்வு காப்பிதான் காப்பாற்றியது என்று நிரூபித்துவிடாது. ஆனாலும் வடித்த காப்பியைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று தைரியம் சொல்ல அது போதும்.

அந்தத் தெப்ராவ் வீட்டுக்குத் திரும்புவோம். மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தால் என்ன சொல்வாள்?

“அப்பா, துணியில வடிச்ச காப்பியைத் தாராளமா குடிங்க. பாலும் சீனியும் வேணாம். ஆனா குடிச்ச கையோட கிளினிக்குக்கு வாங்க. மாத்திரையைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்டு மறுபடி ஆரம்பிப்போம்.”

நேயர்களே, காப்பியைக் குவளைக்கு வரும்முன் வடிப்பதுபோல, காதில் விழும் செய்தியையும் வடித்தே மனத்தில் சேர்க்க வேண்டும். தெப்ராவிலும் மற்ற இடங்களிலும் கவிழ்ந்து கிடக்கும் குவளைகள் நிமிரட்டும். அலமாரியில் தூங்கும் மாத்திரைகள் மருத்துவர் சொன்னபடி வெளியே வரட்டும்.